கட்டை போடும் கால்கள்

கூலி கொடுத்துப் பந்து உதைக்க ஆள் வைத்தவன் கம்பம் பள்ளத்தாக்கில் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததாகக் கேள்வியில்லை. எனக்குப் பின்னாலும் அவ்வளவு புத்தி கெட்டவன் பிறக்கவில்லை என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பதினொரு பேரால் நான் பட்ட பாட்டையும் அடைந்த சந்தோஷத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று இப்போதுதான், தலை முழுக்க நரைத்த பிறகு, எனக்குத் தோன்றியிருக்கிறது.

உத்தமபாளையத்தில் எங்களுக்கு வண்டிப்பேட்டை இருந்தது. கீழே இருந்து அரிசியும் பருப்பும் உப்பும் கருவாடும் குமுளி மலைப்பாதையில் ஏறும். மேலே இருந்து ஏலக்காயும் மிளகும் இறங்கும். பேட்டைக்கு முதலாளி என் அத்தா. எங்கள் வீடுகளில் தகப்பனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். மூன்று பெண்களுக்குப் பின்னால் பிறந்த ஒரே ஆண்பிள்ளை நான்; ஆகவே பேட்டையும் மாடுகளும் எனக்குத்தான் என்பது நான் தொட்டிலில் கிடந்தபோதே முடிவான விஷயம். மதுரையில் நாலைந்து வருஷம் படிக்க வைத்தார்கள். அரைகுறை இங்கிலீஷும் முழுக் கர்வமுமாகத் திரும்பி வந்தேன். அப்போது மலைக்கு மேலே பேரியாற்றை மறித்துத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் அணை வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே வேலை செய்த கூட்டத்துக்குச் சோறு வேண்டுமே! அந்த அரிசியில் ஒரு பங்கு எங்கள் வண்டிகளில் ஏறியது.

மலைப்பாதையில் வண்டி ஏறுவது எப்படி என்று சொன்னால்தான் மீதிக் கதை விளங்கும். மூட்டை ஏற்றிய வண்டியை மாடுகள் ஒரே மூச்சில் இழுத்துவிடாது. இருபது முப்பது அடி இழுக்கும், நிற்கும். நின்ற மறுகணம் வண்டி பின்னால் உருளப் பார்க்கும். அதற்காகவே ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒரு ஆள் முட்டுக்கட்டையோடு ஓடி வருவான். மாடு நின்றதும் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ள வேண்டும். குனிந்து கையால் வைக்க நேரமிருக்காது. வைத்தால் கை மிஞ்சாது. காலால்தான் தள்ளுவார்கள். வெறுங்காலால், ஓடுகிற ஓட்டத்திலேயே, சக்கரம் ஒரு விரற்கடை பின்வாங்குவதற்குள் கட்டை அங்கே இருக்கும். அந்த வேலைக்கு எங்களிடம் முப்பது பேர் இருந்தார்கள். வண்டிக்காரன் மேலே உட்கார்ந்து பாடிக்கொண்டு வருவான். உயிரைக் காப்பாற்றுகிறவன் பின்னால் வியர்த்துக்கொண்டு வருவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி வண்டிகளோடு அணை முகாமுக்குப் போயிருந்தேன். மரம் வெட்டிச் சமன் செய்த ஒரு திட்டில் வெள்ளைக்காரர்கள் இருபது இருபத்திரண்டு பேர், மீசையும் பூட்சுமாக, ஒரு தோல் உருண்டையைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். வாரம் முழுக்க விறைத்த முகத்தோடு திரிகிற இஞ்சினீயர் துரை ஒருவர் சேற்றில் மல்லாந்து விழுந்து சிரித்ததைப் பார்த்தேன். ஆட்டம் முடிகிறவரை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வண்டிகளை இறக்கி முடித்த எங்கள் ஆட்கள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

அவர்களில் கோம்பை ஊர்க்காரன் ஒருவன் இருந்தான். முட்டுக்கட்டைக்காரர்களில் அவனுக்கு மிஞ்சின ஆள் கிடையாது. ஓரமாக நின்றவனை நோக்கிப் பந்து வேகமாக உருண்டு வந்தது. அவன் அலட்டிக்கொள்ளாமல் காலை நீட்டினான். பந்து ஆணி அடித்தது போல அவன் பாதத்தடியில் நின்றது. வெள்ளைக்காரர்கள் கையைத் தட்டினார்கள். இந்தப் பள்ளத்தாக்கிலேயே பந்தாட்டத்துக்குப் பழகின கால்கள் முப்பது சோடி நம் பேட்டையில் இருக்கின்றனவே என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் என்னைப் பிடிக்க முடியவில்லை.

மதுரைக்குச் சொல்லிவிட்டு ஒரு பந்து வரவழைத்தேன். வந்த அன்றே அதைப் பேட்டைக் காவல்நாய் கவ்விக் கிழித்துவிட்டது. கோம்பை நாய், கவ்வினால் விடாது, முதலாளி மகன் என்றும் பார்க்காது. கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிற தோல்பை தைப்பவரிடம் கொடுத்துக் கிழிசலை மூட்டி வாங்கினேன். தையல் போட்ட பக்கம் கனமாகிப் பந்து ஒரு பக்கமாகவே சாய்ந்து ஓடியது. அந்தச் சாய்வுக்குப் பழகியதாலோ என்னவோ, பின்னால் நல்ல பந்து வந்தபோது எங்கள் ஆட்களுக்கு அது கோணலாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் வண்டிகள் மலையேறுவதில்லை. கூலியும் கிடையாது. முப்பது பேரில் பதினொரு பேரைப் பொறுக்கி, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்ததும் ஆட வந்தால் அன்றைக்கும் முழுக்கூலி, வயிறு நிறைய ஆட்டுக்கறிச் சோறு என்று அறிவித்தேன். முதலில் யாரும் நம்பவில்லை. "ஓடுறதுக்குக் கூலி சரி. வெளையாடுறதுக்குமா?" என்று ஒருவன் கேட்டான். கறிச்சோறு வந்த பிறகு சந்தேகம் தீர்ந்தது. பாக்கிப் பத்தொன்பது பேரும் "எங்க காலு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சண்டைக்கு வந்தார்கள். கோல் காக்க அந்தப் பதினொரு பேரில் அனுமந்தன்பட்டிக்காரர் ஒருவரை நிறுத்தினேன். மாதா கோயில் குடும்பம். பந்து வரும்போதெல்லாம் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டுதான் கையை நீட்டுவார். "ஏத்தம் ஏறும்போதும் எங்களுக்காக ரெண்டு போட்டு வைங்க, மாமா" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

பதினொரு பேரும் பந்தை நிறுத்துவதில் சூரர்கள். எந்தப் பக்கம் இருந்து எந்த வேகத்தில் வந்தாலும் நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு, கால் அதன்மேல் இருக்க, அண்ணாந்து பார்ப்பார்கள். மாடு மூச்சு வாங்கட்டும் என்று காத்திருக்கும் பழக்கம். நான் கத்துவேன்: "எத்துங்கடா! எத்துங்க!" உடனே தயங்கித் தயங்கி, ஏதோ பெரியவரை மிதித்துவிட்டவர்கள் போல, மெதுவாகத் தள்ளுவார்கள். உதைக்கப் பழக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. என் தொண்டை போனது. கோபத்தில் ஒரு நாள் நானே ஓங்கி உதைத்துக் காண்பித்து, பெருவிரல் நகம் பெயர்ந்து ஒரு வாரம் நொண்டினேன்.

அத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூலி போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அந்த வெள்ளைக்காரவுக என்ன வேலைக்கு இங்கன வந்திருக்காக?"

"அணை கட்ட, அத்தா."

"ஆத்துக்கே கட்டை போட வந்திருக்காக. அவுக பொழுதுபோக்குக்கு உருண்டையை எத்தட்டும், வெலகட்டும். அவுகளுக்குப் பின்னால வண்டி உருளாது. எங்க ஆளுக காலு அப்படியா? உருண்டு வர்றதைக் கண்டா நிறுத்தணும்னு பழகுன காலு அது. அதைப் போயி எத்தித் தள்ளப் பழக்குறியே. நாளைக்கு மேட்டுல மாடு நிக்கும்போது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி அந்தக் காலு யோசிச்சுச்சுன்னா?"

அத்தாவின் தம்பி, நான் பிறப்பதற்கு முன்பே, அந்த மலைப்பாதையில் பின்னால் உருண்ட வண்டியில் சிக்கி இறந்தவர். கட்டை ஒரு நொடி பிந்தியது. அந்தக் கட்டையைப் போட வேண்டியவர் அத்தாதான். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. அம்மா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அத்தா அதைச் சொல்லாமலே சொன்னார். எனக்கு அது புரிந்தது. ஆனால் வயது அப்படி, வீம்பு விடவில்லை. காலுக்கு எது சக்கரம் எது பந்து என்று தெரியாதா என்று எதிர்த்துப் பேசினேன்.

"தெரியுமான்னு நீயும் கண்டதில்ல, நானும் கண்டதில்ல" என்றார். அதிலிருந்து அந்தப் பதினொரு பேர் ஓடுகிற வண்டிகளுக்குப் பின்னால் இன்னொரு ஆளையும் கட்டையோடு அனுப்ப ஆரம்பித்தார். என் ஆட்களுக்கு அது பெரிய அவமானம். கோம்பைக்காரன் என்னைத் தேடி வந்தான். "ஏழு வருசமா என் வண்டி ஒரு சாண் பின்னால போனதில்ல, சின்ன மொதலாளி" என்று மட்டும் என்னிடம் சொன்னான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அதற்குள் அணை முகாமிலிருந்து ஆள் வந்துவிட்டது. எங்கள் கூலிப் பந்தாட்டக்காரர்களைப் பற்றி அவர்களுக்குச் செய்தி எட்டியிருக்கிறது. மோதிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். நான் அத்தாவிடம் போய் நின்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஆடு. ஜெயிச்சா, அந்தக் காலுகளுக்கு அதுவும் ஒரு தொழில்னு நான் ஒத்துக்கிறேன். நீ அவுகளுக்கு மொதலாளியா இரு. என் வண்டிக்கு நான் வேற ஆளு பாத்துக்கிறேன். ஜெயிக்கலேன்னா, பந்தைக் கிழிச்சுக் கமலைப் பைக்கு ஒட்டுப் போடக் குடுத்துருவேன். அந்தப் பதினொரு பேரும் கீழயே மூட்டை தூக்கட்டும். கெட்டுப்போன காலைச் சக்கரத்துக்குப் பின்னால நான் விடமாட்டேன்."

இதை ஆட்களிடம் போய்ச் சொன்னேன். மலை ஓட்டம் கஷ்டமான வேலைதான். ஆனாலும் அதில் ஒரு கெத்து உண்டு. மூட்டை தூக்க யாராலும் முடியும். ஜெயித்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

கூடலூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் ஒரு மேய்ச்சல் தரை. மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டுக் கோல் ஆக்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளத்தாக்கே அங்கே வந்துவிட்டது என்று சொல்லலாம். பட்டாணி, வெள்ளரிப்பிஞ்சு, பானகம், எல்லாம் விற்றார்கள். வண்டிக்காரர்கள் வண்டிகளைப் பாதையோரம் வரிசையாக நிறுத்தி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அத்தாவும் வந்தார். அவிழ்த்துப் போட்ட ஒரு வண்டியின் நுகத்தடியில், கைத்தடியை முன்னால் ஊன்றி உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

வெள்ளைக்காரர்கள் பூட்சு, எங்களவர்கள் வெறுங்கால், தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டி. முதல் பாதியில் மேட்டைப் பார்த்து எதிரே ஏறி ஆட வேண்டியிருந்தது. மற்றவர்களாக இருந்தால் மூச்சு வாங்கியே செத்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஏத்தம் பிறந்த வீடு மாதிரி. எதிராளிகள் கீழ்நோக்கி உதைத்த பந்து ஒவ்வொன்றும் யாராவது ஒருவன் காலடியில் வந்து நின்றது. தப்பி வந்த ஒன்றிரண்டை அனுமந்தன்பட்டிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டே பிடித்தார். துரைமார் முதலில் சிரித்தார்கள், பிறகு வியர்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் கோல் இல்லை.

இரண்டாம் பாதியில் பள்ளத்தைப் பார்த்து நாங்கள் ஆடினோம். இப்போதுதான் மூன்று மாதத்துப் பழக்கம் வேலை செய்தது. உதைத்தார்கள்! சத்தியமாக உதைத்தார்கள். ஒன்று மூங்கிலில் பட்டது, ஒன்று பானகப் பானையை உடைத்தது. நான் சால்வையைக் கழற்றி வீசி, தொப்பி எங்கே போனது என்று தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தேன். பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. ஊதல் வைத்திருந்த துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் ஆள் ஒருவன் நடுத்தரையிலிருந்து ஒரு உதை விட்டான். எதிராளிகளின் கோல்காரர் முன்னால் ஓடி வந்து, காலை வீசி, தவறி விழுந்தார். பந்து அவரைத் தாண்டிவிட்டது. காலியான மூங்கில்களை நோக்கி, சரிவில், அவசரமே இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு எதிராளி கூட இல்லை. அதன் கூடவே எங்கள் கோம்பைக்காரன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் ஓடினால் போதும். நான் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிவிட்டேன்.

கோல் கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அவன் கால் நீண்டது. பந்து நின்றது. அவன் அதன்மேல் பாதத்தை வைத்து, மாடு மூச்சு வாங்கட்டும் என்பது போல, அண்ணாந்து பார்த்தான்.

துரை ஊதலை ஊதினார். ஆட்டம் முடிந்துவிட்டது, கோல் இல்லாமலே. அதற்குப் பிறகுதான் வெள்ளைக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். வண்டிக்காரர்களும் சிரித்தார்கள். கோம்பைக்காரன் காலைத் தூக்கிப் பார்த்தான், மூங்கிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு வந்த கோபம்! அவனை அடிக்கவே ஓடினேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என் பந்து போச்சு, என் ஆட்கள் போச்சு என்று அழுகையும் சேர்ந்து வந்தது. அதற்குள் அத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். என்னைக் கையால் ஒதுக்கினார்.

"ஏலே, எந்திரி. அது உள்ள போயிருந்தா ஜெயிச்சிருப்பீக, அப்படித்தான?"

"ஆமாய்யா."

"பெறகு எதுக்கு நிறுத்துன?"

கோம்பைக்காரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "உருண்டுச்சய்யா" என்றான்.

அத்தா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். தாடி ஆடியது. சிரிக்கிறாரா, என்ன செய்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதை அவர் துடைக்கவும் இல்லை.

"மூணு மாசம் எத்திப் பழகியிருக்கான். இங்கன வண்டி இல்ல, மாடு இல்ல. கட்டைன்னு ஒருத்தரும் கத்தல. வெறும் தோல் உருண்டை. அதுக்கே இவன் காலு போகுது. எனக்கு இனிமே பயமில்ல. நாளையில இருந்து இவுக பின்னால ரெண்டாவது ஆளு வேணாம்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ இவன் எடத்துல ஓடியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"உள்ள விட்டிருப்பேன், அத்தா."

"அதான். நான் பயப்பட வேண்டிய காலு உன் காலுதான்னு இப்பத்தான் தெரியுது. பேட்டை உனக்குத்தான வரப்போகுது? நாளைக்கு வண்டி ஏறும்போது நீயும் கட்டையை எடுத்துக்கிட்டு ஓடு. ஒரு வருசம் ஓடு." நாலடி நடந்து போய் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பந்து இருக்கட்டும்."

மறுநாள் முதல் ஓடினேன். முதல் வாரம் கட்டையை நான் வைக்குமுன் சக்கரம் போய்விடும். என்னைத் தாண்டி இன்னொரு கால் வந்து வேலையை முடித்துவிடும். அது கோம்பைக்காரனுடைய கால். வேண்டாம் என்று நான் சொல்லியும் எனக்குப் பின்னால் ஓடி வந்தான். அன்றைக்கு நான் திட்டியதை அவன் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. கேட்டபோது, "கட்டையைப் பாருங்க, சின்ன மொதலாளி, பேச்சை அப்பறம் பாப்போம்" என்றான்.

அணை வேலை முடிகிறவரைக்கும் எங்கள் பந்தாட்டக் கம்பெனி நடந்தது. போடி வரைக்கும் போய் ஆடியிருக்கிறோம். தோற்றது குறைவு, ஜெயித்தது அதைவிடக் குறைவு. அத்தா ஒரு ஆட்டம் விடாமல் வந்தார். எங்கள் ஆள் கோல் போட்டால் சும்மா இருப்பார். பந்தை நிறுத்தினால் கைத்தடியைத் தரையில் தட்டுவார்.

அத்தா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. பேட்டையை இப்போது என் மூத்த மகன் பார்க்கிறான். பந்தும் அவனிடம்தான் இருக்கிறது. போன மாதம் அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். எதிராளிகளின் கோல் பக்கம், கோட்டோரம் நின்றிருந்தேன். அவன் உதைத்த பந்து எல்லாரையும் தாண்டி, காலியான கோலை நோக்கி, எனக்கு முன்னால் மெதுவாக உருண்டு வந்தது. அவன் கையைத் தூக்கியதைக் கூடப் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்த்தது, பந்தின்மேல் இருந்த என் கால்தான்.

மகன் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தான். "என்னத்தா இது? உள்ள போற பந்தை எதுக்கு நிறுத்துனீக?"

அத்தா இருந்திருந்தால் கைத்தடியைத் தட்டியிருப்பார் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

"உருண்டுச்சுடா" என்றேன்.